காற்றுத் துளைக்குள் செருகிய இலைகள்

1

போன வெள்ளிக்கிழமையோடு நான் பிரான்சுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் முடிந்தது. கேக் வெட்டிக் கொண்டாடுகிற ஆள் இல்லை நான். ஆனால் அன்றைக்கு எங்கள் சாப்பாட்டு மேசையில் இரண்டு பொருள்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அவை ஏன் அங்கே கிடந்தன என்று யாழ்ப்பாணத்தில், ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்லவேண்டும். இடையில் கப்பலும் அரசனும் வருவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு பாரிசுக்கு வெளியே சார்செலில், ஒரு தொடர்மாடியின் ஏழாம் தட்டில். வேலை பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ஒரு மரக்கறிக் கடையில். பன்னிரண்டு வருடமாக அந்தக் கடையின் குளிர் அறைதான் எனக்கு உலகம். முருங்கைக்காய்க் கட்டை அவிழ்ப்பது, கறிவேப்பிலையில் பழுத்ததைக் கழிப்பது, வாழையிலையை எண்ணி மடிப்பது. இலைக்கட்டு வியாழக்கிழமையில் வரும். கிழிந்த இலைகளை முதலாளி எனக்கு விட்டுவிடுவார். வெள்ளிக்கிழமை விரதத்துக்கு எனக்கு அது போதும்.

இந்த வருடத் தொடக்கத்தில் முழங்கால் இரண்டும் மடங்க மறுத்துவிட்டன. குளிர் அறைக்குள் இனி நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குளிர் அறை இல்லாவிட்டால் கடையில் எனக்கு வேலை இல்லை. வேறு வழி கிடைக்கும்வரை முழங்காலைத் தேய்த்துக்கொண்டு போய்வந்தேன். இவர், அதாவது என் வீட்டுக்காரர், ரெஸ்டோரண்ட் குசினியில் நிற்கிறார். ஒரு சம்பளத்தில் இந்த ஊரில் வீடு ஓடாது. யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு வழி பிடித்தோம். வேலைக்குப் போகிற தாய்மாரின் குழந்தைகளை எங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது. இங்கே அதற்கு அனுமதி வேண்டும், அக்ரெமோ என்பார்கள். வகுப்புக்குப் போகவேண்டும், பிறகு அலுவலகத்திலிருந்து ஆள் வந்து வீட்டைப் பார்க்கவேண்டும். அந்த ஆள் தலையாட்டினால் வேலை. இல்லையென்றால் கடையும் இல்லை, குழந்தைகளும் இல்லை, நானும் முழங்காலும்தான்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, மதுரா. பதினைந்து வயது, லிசே என்கிற உயர்பள்ளியில் முதலாம் வருடம். நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குப் பெருமை. தினமும் காலையில் வாசலில் நின்று தலையைக் குனிவாள், என்னைவிட உயரம் இப்போது. நான் திருநீறு பூசிவிடுவேன். "மற்றதுகள் எப்படியோ, என்ரை பிள்ளை திருநீறோடைதான் பள்ளிக்கூடம் போகுது" என்று கடையில் எத்தனை தரம் பீற்றியிருப்பேன்!

2

வீடு பார்க்க ஆள் வருகிற நாள் காலை நான் செய்த முதல் வேலை, குசினி மூலைத் தட்டிலிருந்த பிள்ளையாரையும் முருகனையும் அம்மனையும் எடுத்து, படுக்கையறை அலுமாரிக்குள் சேலைகளுக்குக் கீழே வைத்தது. குத்துவிளக்கையும் வைத்தேன். பிறகு முகம் கழுவி நெற்றியைத் துடைத்தேன். இதையெல்லாம் செய் என்று ஒருவரும் சொல்லவில்லை. கை தானாகச் செய்தது.

அலுமாரிக் கதவை மூடும்போது மதுரா பின்னால் நின்றாள். அன்றைக்கு அவளுக்கு வகுப்பு இல்லை.

"அம்மா, சாமியை ஏன் உதுக்குள்ளை வைக்கிறீங்கள்?" அதிசயமாகத் தமிழில் கேட்டாள்.

"அவை வருகினமெல்லே பிள்ளை."

"வந்தால் என்ன?"

"வாயை மூடிக்கொண்டு போய் அந்தச் சப்பாத்துகளை அடுக்கு."

வந்தது முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். முதுகில் ஒரு பை, கையில் ஒரு பைல். மதுரா மொழிபெயர்க்க வாய் எடுத்தபோது அவர் சிரித்துக்கொண்டே தடுத்துவிட்டார். குழந்தைகளைப் பார்க்கப்போவது அம்மாதானே, அம்மாவே பேசட்டும் என்றார். என் பிரெஞ்சு லா சப்பல் பிரெஞ்சு, கால் நொண்டும். ஆனாலும் ஓடும். காய்ச்சல் வந்தால் என்ன செய்வேன், குழந்தையை எப்படிப் படுக்க வைப்பேன், மருந்து எங்கே வைப்பேன் என்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஜன்னல் பூட்டைப் பார்த்தார், திருப்தி. பிளக்குகளைப் பார்த்தார், திருப்தி. எனக்குத் தலைகால் தெரியவில்லை.

குசினிக்கு வந்தார். கூரைக்குக் கீழே சுவரில், அடுப்புக் காற்று வெளியே போவதற்கு ஒரு துளை உண்டு, மேலே பிளாஸ்டிக் மூடி. அவர் தன் பைலிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எட்டி அதன்மேல் வைத்தார். வேலை செய்கிற துளை என்றால் தாளை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தாள் விழுந்தது. மறுபடியும் வைத்தார். மறுபடியும் விழுந்தது.

என்ரை கடவுளே, அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

கதிரை கேட்டார், ஏறினார், மூடியைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஒன்றொன்றாக எடுத்தார். நான்காக மடித்துக் காய்ந்த வாழையிலைகள். சில பழுப்பு, சில எண்ணெய்ப் புகை பட்டுக் கறுப்பு. ஒன்பது இருந்தன. மேசையில் வரிசையாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மதாம், இது என்ன?"

"வாழையிலை. சாப்பிடுகிற இலை."

"இதை ஏன் இங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள்?"

கேள்வி கோபமாக வரவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. பிரெஞ்சில்தான் வரவில்லை என்று நினைத்துத் தமிழில் தேடினேன். தமிழிலும் இல்லை. வெள்ளிக்கிழமை சாப்பிட்ட இலையைக் கழுவி மடித்து உயரத்தில் செருகவேண்டும் என்று தெரியும். ஏன் செருகவேண்டும் என்று தெரியாது. "வழக்கம்" என்று மட்டும் சொன்னேன்.

அப்போது மதுரா குறுக்கே வந்தாள். "அது ஒன்றுமில்லை மதாம், குப்பை" என்று பிரெஞ்சில் சொல்லி ஒன்பது இலையையும் அள்ளிக் குப்பைவாளிக்குள் போட்டாள். குப்பை என்பதற்கு இங்கே என்ன சொல்வார்கள் என்று பன்னிரண்டு வருடம் கடையில் நின்றவளுக்குத் தெரியாதா?

அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். இது காஸ் அடுப்பு. துளை அடைத்திருந்தால் நச்சுக் காற்று வீட்டுக்குள் நிற்கும், தூங்குகிற குழந்தை எழும்பாமலே போகலாம். ஒரு மாதம் தருகிறேன், துப்புரவாக்குங்கள், மறுபடி வருவேன், அப்போதும் இப்படி இருந்தால் அனுமதி இல்லை என்றார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அது எனக்கு இன்னும் பெரிய வெட்கமாக இருந்தது.

3

வாழையிலையை இறப்பில், அதாவது கூரை விளிம்பில், செருகுவது உங்களுக்குப் புதிதல்ல. அங்கே கிடுகு ஓலைக்கும் தடிக்கும் இடையில் ஒரு இடுக்கு இருக்கும். விரதம் முடிந்தால் இலை அங்கே போகும். மற்றதைக் காற்றும் காகமும் பார்த்துக்கொள்ளும். போரில் இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டிலில் கிடந்தபோதும் அம்மா தறப்பாளுக்கும் தடிக்கும் இடையில் செருகினா. சார்செலுக்கு வந்தபோது இறப்பைத் தேடினேன். ஏழாம் தட்டில் எங்கே இறப்பு? அந்தத் துளை உயரத்தில் இருந்தது, வசதியாகப் போய்விட்டது. பழைய இலையை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கவேண்டும் என்றுதான் எண்ணம். பல வெள்ளிகளில் மறந்துவிட்டேன். இங்கே காகம் வந்து இழுத்துக்கொண்டு போகுமா என்ன?

அந்த வாரம் மதுராவோடு நான் சரியாகப் பேசவில்லை. அவளும் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தாள். ஞாயிற்றுக்கிழமை மேசையில் வரலாற்றுப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். வகுப்பில் எழுந்து நின்று ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசவேண்டுமாம். போர்த்துக்கேயரின் கடற்பயணம் அவளுடைய தலைப்பு. புத்தகத்தில் பெரிய உலகப்படம். லிஸ்பனிலிருந்து ஒரு சிவப்பு அம்பு கிளம்பி, ஆபிரிக்காவைச் சுற்றி, கள்ளிக்கோட்டைக்குப் போய், அங்கிருந்து ஒரு சின்னக் கிளை எங்கள் தீவைத் தொட்டது. மேலே பெரிய எழுத்தில் 'மகத்தான கண்டுபிடிப்புகள்'.

"அம்மா, இஞ்சை பாருங்கோ. எங்களைக் கண்டுபிடிச்சவையாம்."

"எங்களை ஆர் துலைச்சது, அவை வந்து கண்டுபிடிக்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் அரைவாசி கரைந்தது. புத்தகத்தில் யாழ்ப்பாணத்தைப் பற்றி ஒன்றும் இல்லை, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? கோட்டை தெரியும், போர்த்துக்கேயரைப் பறங்கி என்பார்கள் என்று தெரியும், அவ்வளவுதான். கோண்டாவிலில் இருக்கிற என் அண்ணைக்கு அழைத்து, பறங்கியைப் பற்றிச் சொல்லுங்கோ என்று போனை மேசையில் வைத்தேன்.

அண்ணை கேட்டால் கேட்டதற்கு மேலே சொல்கிற ஆள். "பறங்கியோ? அவங்கள் யாழ்ப்பாணத்தைப் பிடிச்சு ஒரு நாப்பது வருசம் ஆண்டவங்கள். கோயில் எல்லாத்தையும் இடிச்சுப்போட்டாங்கள். சைவம் எண்டு காட்டிக்கொண்டால் தண்டனை. சனம் என்ன செய்தது? சாமியளைத் தூக்கிக் கிணத்துக்கையும் குளத்துக்கையும் போட்டு ஒளிச்சுது. ஞாயிற்றுக்கிழமை அவங்கடை கோயிலுக்குப் போச்சுது, வெள்ளிக்கிழமை வீட்டுக்குள்ளை விரதம் பிடிச்சுது. விரதம் பிடிச்சது எப்பிடிப் பிடிபடும் சொல்லு பாப்பம்? சாப்பிட்ட இலையை வெளியிலை எறிஞ்சால் பிடிபடும். அதாலைதான் இலையை மடிச்சு இறப்புக்கை செருகினது."

நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

"அண்ணை, அவங்கள் போனாப் பிறகும் ஏன் செருகினது?"

"பிறகு ஒல்லாந்தன் வந்தான், அவனுக்கும் பயந்தது. பேந்து வெள்ளைக்காரன் வந்தான், அவன் ஒண்டும் சொல்லேல்லை. ஆனால் அதுக்குள்ளை சனத்துக்கு அதுவே விரதமாப் போச்சு. தாய் செருகினாள் எண்டு மகள் செருகினாள். கேட்டால்தானே வாய் திறக்கும்? ஆர் கேட்டது?"

கேட்டது பிரான்சு அலுவலகத்துப் பெண். நானூறு வருடத்துக்குப் பிறகு. அண்ணையிடம் அதை நான் சொல்லவில்லை.

மதுரா கொப்பியில் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு படுக்கையறைப் பக்கம் பார்த்தாள். சாமிகள் இன்னும் அலுமாரிக்குள்தான் இருந்தன. கிணற்றுக்குள் போட்டவர்களுக்காவது வாசலில் பறங்கி நின்றான். எனக்கு ஆர் நின்றது?

4

எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற காவல்காரி மதாம் லூர்திஸ். போர்த்துக்கல்காரி, அறுபதைத் தொட்ட வயது. நான் இந்தக் கட்டடத்துக்கு வந்த முதல் வாரம் குப்பையைத் தவறான தொட்டியில் போட்டதற்கு என்னைத் திட்டினவர். மதுரா பிறந்தபோது சூப் கொண்டுவந்து தந்தவரும் அவர்தான். துளையைத் துப்புரவாக்க ஏணியும் நீளத் தூரிகையும் கேட்டுப் போனேன். உன் முழங்காலோடு நீ ஏறவேண்டாம் என்று தானே வந்து ஏறிவிட்டார்.

துளைக்குள்ளே இன்னும் இரண்டு இலை ஆழமாகப் போய்க் கிடந்தன. இழுத்து எடுத்து, "இது என்னடி?" என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். நான் தயங்கினேன். மதுரா தயங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், கப்பல், கோட்டை, இடிந்த கோயில், இலை. கடைசியில், "உங்கள் ஆட்களுக்குப் பயந்துதான் மதாம்" என்றாள். இருபது வருடப் பழக்கம், ஒரு சொல்லில் கெடுத்துவிட்டாளே பாவி!

மதாம் லூர்திஸ் ஏணியிலிருந்து மெதுவாக இறங்கினார். இலையைக் கீழே போடாமல் மேசையில் வைத்தார். பிறகு தன்னுடைய ஊர் மலைப்பக்கம் என்றார். அங்கே தன்னுடைய மாமி ஒருத்தி வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரம் ஒரு விளக்கை ஏற்றி அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுவாளாம். ஏன் என்று கேட்டால், வழக்கம், வாயை மூடு என்பாளாம். வளர்ந்த பிறகுதான் தெரிந்ததாம், அந்தக் குடும்பம் முற்காலத்தில் யூதர்கள், வெள்ளி மாலை விளக்கு அவர்களின் வழிபாடு என்று. கப்பல் அனுப்பின அதே அரசர்கள் தங்கள் நாட்டுக்குள்ளேயே இவர்களையும் மதம் மாறச் சொல்லியிருக்கிறார்கள். மாமி ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போனவள்.

"உங்களுடையது கூரையில், எங்களுடையது அலுமாரியில்" என்றார் மதாம் லூர்திஸ். ஏணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகு நான் படுக்கையறைக்குப் போய் சேலைகளை விலக்கி மூன்று படங்களையும் விளக்கையும் எடுத்துவந்து பழைய தட்டில் வைத்தேன். அழுதுகொண்டுதான் வைத்தேன். எதற்கு அழுதேன் என்று கேட்டால், வெட்கத்துக்குத்தான்.

5

இரண்டாம் முறை ஆள் வருகிற நாள், மதுரா பள்ளிக்கூடத்திலிருந்து நேரத்தோடு வந்துவிட்டாள். உள்ளே வந்ததும் தட்டைப் பார்த்தாள், என் நெற்றியைப் பார்த்தாள். திருநீறு மூன்று குறியாகப் பூசியிருந்தேன்.

"அம்மா, பிளீஸ். இண்டைக்கு மட்டும் அழிச்சுப் போட்டு இருங்கோவன்."

"நீதானே அண்டைக்கு ஏன் ஒளிக்கிறீங்கள் எண்டு கேட்டனி?"

"கேட்டனான். ஆனால்..." அதற்குமேல் தமிழ் ஓடவில்லை, பிரெஞ்சுக்கு மாறினாள். அவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள் அம்மா, ஆனால் மனதுக்குள் வைத்துக்கொள்வார்கள். உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். உங்களுக்கு இந்த வேலை வேண்டாமா?

வேண்டும். அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டும் என்று என் முழங்காலைக் கேட்கவேண்டும். ஒரு கணம் கை நெற்றிக்குப் போனதும் உண்மை. அப்போது மணி அடித்தது, நான் அப்படியே போய்க் கதவைத் திறந்தேன்.

அந்தப் பெண் முதலில் குசினிக்குப் போய்த் தாளை வைத்தார். தாள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. சிரித்தார். பிறகு மூலைத் தட்டைப் பார்த்தார். அப்படியே நின்றார்.

"இந்த விளக்கில் நெருப்பு ஏற்றுவீர்களா?"

"ஓம். ஏற்றுவேன்."

"நடக்கத் தொடங்கின குழந்தைக்கு இந்தத் தட்டு எட்டும். நாற்பது சென்டிமீற்றர் உயர்த்துங்கள். நெருப்புப்பெட்டியை இன்னும் மேலே."

அவ்வளவுதான். பைலில் எழுதிக்கொண்டார். பிறகு அந்த இலைகளை ஏன் அங்கே வைத்தீர்கள் என்று கண்டுபிடித்தீர்களா என்று கேட்டார், மறக்கவில்லை. என் நொண்டிப் பிரெஞ்சில் சொன்னேன், ஆரும் குறுக்கே வரவில்லை. அவர் பேனையை மூடிவிட்டுக் கடைசிவரை கேட்டார். முடிவை அஞ்சலில் அனுப்புவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். முடிவு என்ன என்று முகம் காட்டிக்கொடுக்கவில்லை.

6

கடிதம் போன புதன்கிழமை வந்தது. இவர் வேலைக்குப் போக முதல் பிரித்தார். மூன்று குழந்தைகள் வரை பார்க்கலாம், அனுமதி. இவர் அந்தத் தாளைச் சாமிக்கு முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போனார். சந்தோசம் வந்தால் அவர் அப்படித்தான்.

வியாழக்கிழமை கடையில் என் கடைசி இலைக்கட்டை மடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மதுராவின் குளிர்ச் சட்டை நாற்காலியில் கிடந்தது, தோய்க்கலாம் என்று எடுத்தேன். தோய்க்க முதல் பையைப் பார்ப்பது எந்தத் தாயும் செய்கிற வேலை. உள்பையில் கசங்கிய கடதாசிக் கைக்குட்டைகள், ஐந்தோ ஆறோ. ஒன்றை விரித்தேன். நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு தேய்ப்பு. அடுத்ததிலும் அதே. எல்லாவற்றிலும் அதே.

லிப்ட் ஏழாம் தட்டிலிருந்து கீழே போகிற நேரத்துக்குள் திருநீற்றைத் துடைத்திருப்பாள். எத்தனை வருடமாக? துடைத்ததைக் குப்பையில் போட்டால் என் கண்ணில் பட்டுவிடும் என்று பைக்குள் செருகியிருக்கிறாள், என் பிள்ளை. அந்த உள்பைதான் அவளுடைய இறப்பு.

முதலில் நெருப்பாகக் கோபம் வந்தது. கடையில் நான் பீற்றியதெல்லாம் ஞாபகம் வந்தது. "எனக்குத் தெரியும்" என்று அவள் சொன்னதும் ஞாபகம் வந்தது. என்னவோ ஒன்று அவளுக்கு நடந்திருக்கிறது, அதை எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் நான் கத்துவேன் என்று பயந்திருப்பாள். பிறகு யோசித்தேன். சாமியை அலுமாரிக்குள் வைத்தவள் நான். அதற்கு முதல், போர்க்காலத்தில், ஊரை ஒளித்தோம், பெயரை ஒளித்தோம், அடையாள அட்டையைச் சட்டை மடிப்புக்குள் வைத்துத் தைத்தோம். எங்கள் பக்கத்தில் தாயின் காணி மகளுக்குச் சீதனமாகப் போகும். என்னிடம் காணி இல்லை. இருந்ததைக் கொடுத்திருக்கிறேன்.

சட்டையைத் தோய்க்கவில்லை, அவளிடம் ஒன்றும் கேட்கவும் இல்லை. பருத்தித் துணிக் கைக்குட்டை ஒன்றை இஸ்திரி போட்டு, இலையை மடிக்கிற மாதிரியே நான்காக மடித்து, சட்டையின் உள்பையில் வைத்தேன். கடதாசி நெற்றியை உரசும், துணி உரசாது.

வெள்ளிக்கிழமை காலை வாசலில் வழமைபோலக் குனிந்தாள். வழமைபோலப் பூசிவிட்டேன். "போட்டு வாறன்" என்றாள். லிப்ட் கதவு மூடியது.

நண்பகலில் நான் விரதச் சாப்பாடு சாப்பிட்டேன். எழுந்து, இலையைக் கழுவி, துடைத்து, மடித்தேன். கை தானாக மேலே போனது. மூடி இறுக்கமாக இருந்தது. கையை இறக்கி இலையை மேசையில் வைத்துவிட்டு அங்கேயே இருந்தேன்.

பின்னேரம் மதுரா வந்தாள். சட்டையைக் கழற்றவில்லை. மேசைக்கு வந்து நின்றாள், கண் சிவந்திருந்தது. உள்பைக்குள் கைவிட்டு அந்தக் கைக்குட்டையை எடுத்து, இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். நடுவில் சாம்பல் தேய்ப்பு இருந்தது.

"அம்மா," என்றாள் தமிழில், "இதைத் தோய்ச்சுத் தாங்கோ. திங்கக்கிழமைக்கு வேணும்."